நாலு துளை, ஒரு கையெழுத்து

1882-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று பெர்லின் நகரின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர், 43 வயது ஆண் ஒருவரின் பித்தப்பையை வெட்டி எடுத்தார். உலகில் அப்படி எடுக்கப்பட்ட முதல் பித்தப்பை அது. பல வருடம் வலியோடு மல்லுக்கட்டி, மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த அந்த மனிதர், மறுநாள் காய்ச்சல்கூட இல்லாமல் படுக்கையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அவரை எழுந்து நடக்க விட்டது 12-ஆம் நாள். வீட்டுக்கு அனுப்பியது ஆறு வாரம் கழித்து.

இன்று மதுரையில் அதே பித்தப்பையை எடுத்துக்கொள்ளப் போகிறவர் ரெண்டு செட் துணி, ஒரு ஃபிளாஸ்க், போன் சார்ஜரோடு கிளம்புகிறார். காலையில் அறுவை, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆட்டோ பிடித்து வீடு. இது மருத்துவத்தின் பெரிய சாதனை. ஆனால் படுக்கை நாட்கள் குறைந்ததோடு, நோயாளியை உட்காரவைத்துப் பேசும் நேரமும் குறைந்துபோனது. அந்த பெர்லின்காரர் ஆறு வாரமும் டாக்டர் கண்ணெதிரே கிடந்தார். நமக்கு அந்த ஆறு வாரத்தில் பெரும்பகுதி சொந்த வீட்டுக் கட்டிலில் கழிகிறது. எதைக் கவனிக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்ற விவரம் முழுதாக நம்மோடு வீட்டுக்கு வருவதில்லை. அண்மையில் பித்தப்பையைப் பறிகொடுத்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

எல்லாமே கேஸ்தான்

மேல்வயிற்றில் எது வலித்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்: கேஸ். ராத்திரி கறிதோசை சாப்பிட்டுப் படுத்தால், நடுச்சாமத்தில் வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும். முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். அரை மணியோ ரெண்டு மணியோ கழித்துத் தானாகவே விட்டுவிடும். அப்படி விட்டுவிடுவதுதான் வம்பு. "ஓமத்தண்ணி குடிச்சேன், கேட்டுருச்சு" என்று காலையில் வேலைக்குப் போய்விடுவோம். உண்மையில் பித்தப்பையின் வாயில் வந்து அடைத்த கல் பின்னுக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். அடுத்த விருந்துக்கு மறுபடி வரும். எனக்கும் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் நெஞ்சுக்கு ஏறி வியர்த்துக் கொட்டி, ஈ.சி.ஜி. எடுத்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்றான பிறகுதான் வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினார்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி, உள்ளே தேக்கிய பித்தநீரைக் குடலுக்குத் தள்ளிவிடும். அப்புறம் ஸ்கேனில் சரியாகத் தெரியாது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா? போதாது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கித் தேக்கி, கெட்டியாக்கி, கொழுப்பு உணவு வரும்போது அனுப்பும் ஒரு சிறிய பை. ஐம்பது மில்லிக்கு மேல் பிடித்தால் பெரிது. கொழுப்புச்சத்தும் நிறமிகளும் அதில் கட்டிப்போய்க் கல்லாகின்றன. கல்லை எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் அதே பை மறுபடி கல் செய்யும். பையே போய்விட்டால் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டும். ஜீரணம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொரு குழப்பம் சிறுநீரகக் கல்லோடு. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சிருந்தா கரைஞ்சிருக்குமே" என்றார்கள். சிறுநீரகக் கல்லுக்கு மூத்திர வழி இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடித்தால் சின்னக் கல் வெளியே வர வாய்ப்புண்டு. பித்தப்பைக் கல்லுக்கு அந்த வழி கிடையாது. அது நழுவினால் பொதுப் பித்தநாளத்தில் போய் அடைத்து மஞ்சள் காமாலையாகும்; கணையத்தின் வாயை மறித்தால் உயிருக்கே ஆபத்தாகும். காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடி ஓடுகிற வழக்கத்தில், இப்படிக் கல் அடைத்து வந்த காமாலைக்காரர்கள் பொன்னான நாட்களை இழக்கிறார்கள்.

அதற்காக, ஸ்கேனில் கல் தெரிந்த எல்லோரும் மேஜையில் ஏற வேண்டியதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராத கற்கள் ஏராளம். வலி வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமலே தேதி குறிக்கும் இடத்தில் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வருவது நல்லது.

துளைக்கு வந்த ஏளனம்

வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளை வழியே பித்தப்பையை முதலில் எடுத்தவரும் ஜெர்மானியர்தான். எரிக் மூஹே, ஊர் போப்ளிங்கன், தேதி 1985 செப்டம்பர் 12. மறுவருடம் ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது சபை சிரித்தது. பெரிய டாக்டர் என்றால் பெரிய கீறல் என்று நம்பிய காலம். அதே சங்கம் 1992-இல் அவருக்குப் பரிசளித்துப் பரிகாரம் தேடிக்கொண்டது. 1987-இல் ஃபிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்தார். இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா. நம் பக்கத்தில் கோவை பழனிவேலு இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர். மூஹே சிரிப்புக்கு ஆளாகிப் பத்து வருடம் ஆவதற்குள், பித்தப்பைக்கு லேப்ராஸ்கோப்பி என்கிற இந்தத் துளை முறைதான் என்பது உலக வழக்கமாகிவிட்டது.

இந்த வரலாறு எதுவும் கவுன்ட்டரில் சொல்லப்படாது. "நாலு ஓட்டைதான் சார், நாளைக்கே நடந்துருவீங்க" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் துளை வெளியில்தான் சிறிது. உள்ளே நடப்பது லாங்கன்புக் செய்த அதே வேலை: பித்தப்பைக்குப் போகும் ரத்தக்குழாயையும் நாளத்தையும் அடையாளம் கண்டு, கிளிப் போட்டு, வெட்டி, கல்லீரலிலிருந்து பையைப் பிரிக்க வேண்டும். பக்கத்திலேயே பொதுப் பித்தநாளம் போகிறது. ஆயிரத்தில் ஒரு சிலருக்கு அதில் காயம் படுகிறது. வீக்கத்தால் உள்ளே எதுவும் பிடிபடாதபோது, லேப்ராஸ்கோப்பியை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறப்பதும் உண்டு. அப்படித் திறந்தால் அது டாக்டரின் தோல்வி ஆகாது. பல நேரம் அதுதான் புத்திசாலித்தனம்.

இதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். என் அறைக்கு அதைக் கொண்டுவந்த பெண், பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டி, "இங்க, இங்க, அப்புறம் அட்டெண்டர் இங்க" என்றார். படித்துவிட்டுத் தருகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது, கோபமில்லை, குழப்பம். அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

கேட்க உரிமை இருக்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், அவருடைய தாயிடம் மட்டும் கேட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பி முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்குப் பதிலாக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது. என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு. நம் வார்டுகளில் இன்றும் கணவரை வெளியே கூப்பிட்டுப் பேசுகிறார்கள், மகனைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். வயிறு யாருடையதோ அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் படித்துக்கொண்டிருக்கிறார்.

நாக்கை நீட்டுங்க

முதல் நாள் சாயங்காலம் வந்தவர்களில் உருப்படியாகப் பேசியவர் மயக்க மருந்து டாக்டர். ஆடும் பல் உண்டா, ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சுகர் மாத்திரை கடைசியாக எப்போது, பீடி சிகரெட், குடி. கடைசிக் கேள்விக்கு மனைவி பக்கத்திலிருக்கும்போது வரும் பதிலை அவர் நம்புவதில்லை. மனைவியை மருந்துச் சீட்டோடு கீழே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார். நல்ல தந்திரம். மயக்க மருந்தின் அளவுக்கும், பாதுகாப்புக்கும் அந்த உண்மை வேண்டியிருக்கிறது.

பிறகு வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத்தான், மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சுலபமா சிரமமா என்று கணிக்கிறார்கள். இந்தக் கணக்கை வகுத்தவர் ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி. வெளியான ஆண்டு 1985, மூஹே துளை போட்ட அதே வருடம். உலகம் முழுக்க அறுவைக்கு முந்தைய நாக்குகள் ஒரு தெலுங்கர் பெயரில் நீள்கின்றன.

நள்ளிரவுக்கு மேல் பச்சைத்தண்ணீர் கூடாது என்பது நம் ஊர் உத்தரவு. கெட்டி உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு ரெண்டு மணி நேரம் இடைவெளி போதும் என்பதுதான் உலகளாவிய மயக்கவியல் வழிகாட்டுதல். ஆனால் தியேட்டர் வரிசையில் யார் முதலில், யார் அப்புறம் என்பது கடைசி நிமிடம் வரை மாறுவதால், எல்லோரையும் ஒரேயடியாகப் பட்டினி போட்டுவிடுகிறார்கள். வரிசையில் மூன்றாவதாக இருப்பவருக்கு மதியம் ஆகிவிடும். என் அறையில் இன்னொரு கட்டிலில் இருந்த உசிலம்பட்டிப் பெரியவருக்குக் குடலிறக்க அறுவை. அவர் கேட்டார்: "தம்பி, விரதம்னா சாமிக்கு இருக்கலாம். இது யாருக்கு?"

பச்சைக் கவுன் வந்தது. மோதிரம், தாயத்து, அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். மின்சாரத்தால் ரத்தக் கசிவைப் பொசுக்கும் கருவி இருப்பதால் உடம்பில் உலோகம் ஆகாது. பெரியவரின் அரைஞாண் கறுப்புக் கயிறு, அதில் சின்னதாக ஒரு செப்புத் தகடு. அவிழாது, வெட்டத்தான் வேண்டும். வெட்ட விட மாட்டேன் என்றார். அவர் மகள் பேசிப் பார்த்தார், நர்ஸ் பேசிப் பார்த்தார். கடைசியில் ஆயாம்மா வந்து, "ஆபரேசன் முடிஞ்சதும் புதுசு நானே கட்டிவிடுறேன்யா, நம்ம பாண்டி கோயில் கயிறு" என்றதும் சட்டென்று இடுப்பைக் காட்டினார்.

தியேட்டருக்குள் போனால் உங்கள் பெயரை எல்லோரும் கேட்பார்கள். வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர், மேஜையில் ஒருவர். என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா. ஃபைல் கையிலேயே இருக்கிறதே என்று எரிச்சல் வரும். வரக்கூடாது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலின் வேலை அது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை, வாய்விட்டுக் கேட்டதில் வந்த பலன். ஒருவரும் பெயர் கேட்காத தியேட்டரில்தான் பயப்பட வேண்டும்.

கையில் ஏறிய வெள்ளை மருந்து நரம்பில் எரிந்தது. "லேசா எரியும் சார்" என்று டாக்டர் சொல்லி முடித்தது காதில் விழுந்ததா என்பது நிச்சயமில்லை.

தோள் ஏன் வலிக்கிறது?

கண் விழித்ததும் வயிறு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலித்தது தொண்டையும் வலது தோளும். தொண்டைக்குக் காரணம் டியூப். தோளுக்கு என்ன? யாரும் தோளைத் தொடவில்லையே. நெஞ்சு வலியோ என்று மனைவி பயந்துபோய் நர்ஸிடம் ஓடினார். "அது கேஸ்க்கா" என்றார் அந்தப் பெண், கேரளத் தமிழில். மறுபடியும் கேஸ்! ஆனால் இந்த முறை உண்மையிலேயே கேஸ். கேமரா பார்க்க இடம் வேண்டும் என்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு நிரப்பி உப்ப வைக்கிறார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே மட்டத்திலிருந்து கிளம்புகின்றன. மூளைக்கு ஆள் தெரியாமல் தோள் மேல் பழி போடுகிறது. எழுந்து நடந்தால் ரெண்டொரு நாளில் குறையும். இதை முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் மனைவிக்கு அந்த ஓட்டம் மிச்சமாகியிருக்கும்.

எழுவதற்கும் ஒரு முறை உண்டு. நேராக எழப் பார்த்தால் உயிர் போகும். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு இரும வேண்டும். இந்த வித்தைகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, பெரியவரின் மகள். அவருக்குச் சிசேரியன் ஆனபோது அம்மா சொல்லிக்கொடுத்ததாம்.

மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று தருவார்கள். நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க. பார்த்தவுடன் எல்லோரும் ஊதுவார்கள், பந்து அசையாது. அது உறிஞ்சுகிற கருவி. பெரியவர் மீசை ஈரமாகும் வரை ஊதிப் பார்த்துவிட்டு "ரிப்பேரு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் அந்தக் கேள்வி: "காத்துப் பிரிஞ்சுதா?" டூட்டி டாக்டர் கேட்டார், சிஸ்டர் கேட்டார், துடைக்க வந்தவரும் கேட்டார். குடல் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி இல்லை. சபையில் அடக்கி வளர்க்கப்பட்ட ஒன்றை, பெண் டாக்டர் முன்னால் வெற்றி அறிவிப்பாகச் சொல்ல வேண்டிய ஒரே இடம் ஆபரேஷன் வார்டு.

நான் மயக்கத்தில் இருந்தபோதே என் கற்களை மனைவி பார்த்துவிட்டார். தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டு, ஸ்டீல் டிரேயில் காட்டியிருக்கிறார்கள். பிறகு சின்ன டப்பாவில் என் கைக்கும் வந்தது. கறுப்புக் கொண்டைக்கடலை அளவு, ஒன்றையொன்று உரசி உரசிப் பட்டை தீட்டிய முகங்கள், மஞ்சளும் பச்சையும் கலந்த கறுப்பு. குலுக்கினால் சத்தம் வந்தது. பார்க்க வந்த அத்தனை பேரும் அதைக் கையில் வாங்கிக் குலுக்கினார்கள். யாருக்கும் பித்தப்பை என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. அது ஃபார்மலின் டப்பாவில் பயாப்சிக்குப் போயிருந்தது.

டிஸ்சார்ஜ் என்ற அறுவை

காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டார் டாக்டர். உடனே ட்ரிப்ஸ் ஊசியை எடுத்துவிட்டார்கள், சட்டை போட்டுக்கொண்டேன், பையைக் கட்டினோம். சாயங்காலம் வரை கட்டின பையோடு உட்கார்ந்திருந்தோம். ஃபைல் ஃபார்மஸிக்குப் போகும், மிச்ச மருந்து திரும்ப வேண்டும், பில்லிங், இன்ஷூரன்ஸ் டெஸ்க், அங்கிருந்து கம்பெனி. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கையை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் கூடுதல் கட்டணம் வந்தால் அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் எப்போது தொடங்குகிறது? கோரிக்கை போன பிறகு. மருத்துவமனைக்குள்ளேயே ஃபைல் சுற்றும் நேரம் கணக்கில் வராது. "கம்பெனில பெண்டிங் சார்" என்றால், எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள்.

பில்லில் ரெண்டு இடத்தில் அடி விழும். கையுறை, பஞ்சு போன்றவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்காது. இன்னொன்று அறை வாடகை. உங்கள் பாலிசி ஒரு நாளைக்கு ரூ.5,000 வரை அனுமதிக்கிறது, நீங்கள் ரூ.7,500 அறை எடுத்தீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் ரூ.2,500-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் நினைப்போம். அப்படியில்லை, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டப்படும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு பொருந்தாது. ஏ.சி. அறை வேண்டுமா என்று அட்மிஷனில் சிரித்த முகத்தோடு கேட்பவர் இதைச் சொல்ல மாட்டார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்களுக்கு, அதாவது ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு, இந்தத் தலைவலி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும் அந்த அட்டை செல்லும். பெரியவர் அந்த அட்டையில்தான் வந்திருந்தார். எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார்.

கடைசியில் கையில் தருவது டிஸ்சார்ஜ் சம்மரி. மாத்திரை எத்தனை வேளை என்பதை மட்டும் தமிழில் சொல்வார்கள். அதைவிட முக்கியமான நாலு வரி ஆங்கிலத்திலேயே தங்கிவிடும்: காய்ச்சல், குறையாமல் ஏறும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, கண்ணிலோ சிறுநீரிலோ மஞ்சள். இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ரிவியூ வரை காத்திருக்காமல் ஓடி வர வேண்டும். பித்தம் கசிந்தாலோ, நாளத்தில் கல் மிச்சமிருந்தாலோ இப்படித்தான் தெரியும், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு தெரியும். எனக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆட்டோவில் படித்துக்கொண்டேன், ஆங்கிலம் தெரியும் என்பதால். உசிலம்பட்டிக்குப் போன சம்மரியை யார் படித்திருப்பார்கள்?

அந்த இடைவெளியில்தான் வீட்டு வைத்தியம் நுழைகிறது. பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை கூடாது, கத்தரிக்காய் கரப்பான், பதினைந்து நாள் ரசஞ்சோறு. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். பருப்பும் முட்டையும்தான் அதற்கு மருந்து. எண்ணெய்ப் பதார்த்தத்தைக் கொஞ்ச நாள் குறைத்தால் வயிற்றுப்போக்கு வராமல் இருக்கும், அவ்வளவே. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவதைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டும். அம்மா ரசஞ்சோற்றை விடுவதாக இல்லை. உணவு ஆலோசகரிடம் போன் போட்டு ஸ்பீக்கரில் பேச வைத்த பிறகு, முட்டை வந்தது. அவித்து, மஞ்சள் கரு நீக்கி, ரசஞ்சோற்றோடு.

ரிவியூ அன்று தையல் பிரித்தார்கள். வலிக்கிறதா என்றார் டாக்டர், இல்லை என்றேன். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. பயாப்சி ரிசல்ட் என்று கேட்டதும், "வாங்கலையா? லேப்ல இருக்கும்" என்றார். கல் இருந்த பித்தப்பையில் அரிதாகப் புற்றுநோய் மறைந்திருக்கும்; கங்கைச் சமவெளியில் அது அதிகம், நம் பக்கம் குறைவு. அதனால்தான் எடுத்த ஒவ்வொரு பையையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். லேப் கவுன்ட்டரில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டைப் பிரித்து, என் கவரைத் தேடி எடுத்தார் அந்தப் பையன். மற்றதெல்லாம் என்ன தம்பி என்றேன்.

"ஆபரேசன் முடிஞ்சவங்களோடது சார். வந்து வாங்க மாட்டாங்க."

போன் பண்ணிச் சொல்வீர்களா என்று கேட்டேன். ஏதாவது மோசமாக இருந்தால் டாக்டரே கூப்பிடுவார் என்றான். பெரியவரின் மகளுக்கு அன்று மாலை நானே போன் போட்டு, அப்பாவின் சம்மரியை எடுத்து வைக்கச் சொல்லி, அதிலுள்ள ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லித் தமிழில் எழுத வைத்தேன். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அப்பா முந்தாநாளே மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டார் என்றார் அவர்.